குரலுக்குச் சொந்தக்காரர்

பத்ரிக்கு ஒரு குறை இருந்தது. அது குறை என்பதே முப்பத்தெட்டு வயது வரை அவனுக்குத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. யார் பேசினாலும் என்ன பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெளிவாகப் புரியும். கோபமா, கொஞ்சலா, ஜலதோஷமா என்பதுகூடப் பிடிபடும். பேசுவது யார் என்பது மட்டும் தெரியாது. ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டால், பெற்ற தாயும் ஒன்றுதான், கேஸ் ஏஜென்சியில் பேசுகிற பெண்ணும் ஒன்றுதான்.

உலகத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அடுத்தவர் காதுக்குள் புகுந்து பார்க்கவா முடியும்?

சின்ன வயதில் தலைநகரின் கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டில் போன் இருந்தது. ஊரிலிருந்து பேசுகிற உறவுக்காரர்கள், குழந்தை எடுத்தால் பேரைச் சொல்ல மாட்டார்கள். "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்பார்கள். குழந்தைகளைப் படுத்துவதில் நம்மவர்களுக்கு அப்படி ஓர் ஆனந்தம். பத்ரி குத்துமதிப்பாகப் பெரிய மாமா என்பான். அந்தப் பக்கம் சித்தப்பாவாக இருக்கும். மாமா என்று சித்தப்பாவைக் கூப்பிட்டால் ஒருநாள் சிரிப்பார்கள், இரண்டு நாள் சிரிப்பார்கள். அப்புறம், பிள்ளைக்குப் பாசமே இல்லை என்று பேச்சு வந்துவிடும்.

அப்பா கல்யாணராமன் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசராக இருந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு ஆபீசிலிருந்து கூப்பிடுவார். "நான்தான்" என்பார். அவ்வளவுதான். தன் வீட்டில் தானே பேர் சொல்லிக்கொள்வதா என்ற கௌரவம் அவருக்கு. பத்ரி "யாரு?" என்பான். சாயங்காலம் ஸ்கூட்டரை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக உள்ளே வந்து அவன் காதைத் திருகுவார். "பெத்த அப்பன் குரல் தெரியலையா? அவ்வளவு கொழுப்பா?" அவனுக்கு அப்போதெல்லாம் அழுகையைவிட ஆச்சரியம்தான் அதிகம். பேரைச் சொல்லாமல் எப்படித் தெரியும்?

பிறகு மொபைல் வந்தது. கூப்பிடுகிறவர் பேரை அதுவே எழுதிக் காட்டியது. பத்ரி பிழைத்தான். படித்தான், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் மேனேஜர் ஆனான், கல்யாணம் பண்ணிக்கொண்டான், துவாரகாவில் வீடு வாங்கினான், அனன்யா என்று ஒரு பெண்ணும் பிறந்தாள். கொரோனாவின் இரண்டாவது அலையில் அவன் அம்மா மங்களம் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷம் தீபாவளி கழிந்த பிறகு ஒருநாள், அவன் மனைவி ஷ்வேதா தன் பாங்க்கின் லேண்ட்லைனிலிருந்து அவனைக் கூப்பிட்டாள். மூன்று நிமிஷம் அவளோடு "மேடம், மேடம்" என்று மரியாதையாகப் பேசி, தனக்குக் கிரெடிட் கார்டு வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டான். முதலில் விழுந்து விழுந்து சிரித்த ஷ்வேதா, அன்று முழுக்க யோசித்துவிட்டு, மறுவாரம் அவனை ஒரு நரம்பியல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சோதனை எல்லாம் செய்து பார்த்துவிட்டு அதற்கு ஃபோனாக்னோசியா என்று பேர் சொன்னார். காதில் கோளாறு இல்லை, புத்தியில் கோளாறு இல்லை. காதில் விழுகிற குரலை இன்னாருடையது என்று அடையாளம் காண்கிற வேலை மட்டும் மூளையில் நடப்பதில்லை. சிலருக்கு முகங்கள் இப்படி, உங்களுக்குக் குரல்கள். பிறவியிலேயே இருந்திருக்கிறது. மருந்து கிடையாது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்துவிடுங்கள், போனில் பேரைச் சொல்லிவிட்டுப் பேசட்டும் என்றார்.

பத்ரி எல்லோரிடமும் சொன்னான், ஒருவரைத் தவிர. அப்பாவிடம் போய், "இத்தனை வருஷத்தில் உங்கள் குரலை ஒருநாள்கூட நான் அடையாளம் கண்டதில்லை" என்று எப்படிச் சொல்வது? மனைவி போன துக்கத்தில், முனிர்கா ஃப்ளாட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற மனுஷர். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். அவர் மொபைலிலிருந்து கூப்பிட்டால் 'அப்பா' என்று வரத்தானே போகிறது? அந்த அப்புறம் மூன்றரை வருஷம் நீண்டது.

போன மே மாதம் அவன் ஆபீசில் சுரேஷ்குமார் போனில் ஏமாந்து பணத்தைத் தொலைத்தான். மதுரைக்காரன், கெட்டிக்காரன். அவன் தம்பி குரலிலேயே, தமிழிலேயே, எவனோ பேசியிருக்கிறான். போன் தொலைந்துவிட்டது, வேறொருவர் போனிலிருந்து பேசுகிறேன், ஆபத்தில் இருக்கிறேன் என்று. "அச்சு அசல் என் தம்பி குரல் சார்" என்று சுரேஷ்குமார் புலம்பினான். கம்ப்யூட்டரை வைத்தே குரலைத் தயாரித்துவிடுகிறார்களாம். கம்பெனியில் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். தெரியாத நம்பரிலிருந்து சொந்தக்காரர் என்று யாராவது பேசினால், குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், குரலை நம்பாதீர்கள் என்றார்கள். பத்ரிக்கு உள்ளூர ஒரு மிதப்பு. குரலை நம்பி ஏமாற அவனுக்கு வழியே இல்லையே. ஜென்மத்தில் முதல்முறையாக அவனுடைய குறை ஒரு சாமர்த்தியம் போலத் தெரிந்தது.

அந்த வாரமே அப்பாவோடு ஒரு சின்ன உரசலும் நடந்தது. அவர் ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுவார். பேப்பர்காரன் வரவில்லை, ஆர்.ஓ. மெஷின் சொட்டுகிறது, இப்படி. ஒருநாள் மீட்டிங் நடுவில் பத்ரி வெடுக்கென்று, "ஆபீஸ் டைம்ல கூப்பிடாதீங்கோப்பா, ப்ளீஸ்" என்றான். கல்யாணராமன் "அச்சா" என்று சொல்லி வைத்தவர்தான். பிறகு கூப்பிடவே இல்லை. அவனும், நிம்மதி என்றுதான் நினைத்தான்.

இரண்டு நாள் கழித்து, பகல் பதினொன்றே முக்காலுக்குத் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில். பத்ரி ஏ.சி.யில் உட்கார்ந்து ஒரு லிஸ்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்ரி, நான்தான்டா."

"யாரு?"

"நான்தான். அப்பா. போன் ஆட்டோல போயிடுத்து, இது வேற ஒருத்தரோடது. தலை சுத்தறதுடா. கொஞ்சம் வரயா?"

சுரேஷ்குமாருக்குச் சொன்ன அதே கதை, வார்த்தை பிசகாமல். பத்ரிக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"அப்பாவா? அச்சா. அப்போ எங்க அம்மா பேரைச் சொல்லுங்க, பாக்கலாம்."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. "பத்ரி" என்று ஒரே ஒரு தடவை அந்தக் குரல் கூப்பிட்டது.

"தெரியலை இல்ல? வேற வேலை கிடைக்கலையா உங்களுக்கெல்லாம்? இன்னொரு தடவை கூப்பிட்டா போலீஸ்ல குடுத்துடுவேன்" என்று சொல்லி வைத்தான். கையோடு அந்த நம்பரை ப்ளாக்கும் செய்தான்.

மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் இதை நடித்தே காட்டினான். எல்லோரும் ரசித்தார்கள். சுரேஷ்குமார் மட்டும், "எதுக்கும் உங்க அப்பாவுக்கு ஒரு போன் போட்டுப் பாத்துருங்க சார்" என்றான். "சாயங்காலம் போடறேன்" என்று சொல்லி, தயிர் சாதத்தைப் பிசைந்தான் பத்ரி.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். கிட்வாய் நகர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு பெரியவர் வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறார், இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, பென்ஷன் கார்டின் பின்னால் உங்கள் நம்பரை எழுதி வைத்திருந்தார் என்றார்கள். பத்ரி ஓடினான். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. மாதாமாதம் மருந்து வாங்க அங்கே இருக்கிற அரசாங்க டிஸ்பென்சரிக்குப் போகிறவர், அன்றைக்கும் போயிருக்கிறார் என்பது மட்டும்தான் அப்போது அவனுக்குப் புரிந்தது.

இருட்டுவதற்குள் ஒரு டீக்கடைக்காரர், விழுந்தவரை எங்கே கொண்டுபோனார்கள் என்று விசாரித்துக்கொண்டு, கையில் மஞ்சள் பையோடு வார்டைத் தேடிக்கொண்டு வந்தார். உள்ளே கல்யாணராமனின் மாத்திரைகள். "பாபுஜியோட மகனா?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு, பையைக் கொடுத்தார். பெஞ்சிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாராம். "என் போனிலிருந்துதான் உங்களுக்குப் பேசினார். நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள், கிளம்பி வருகிறீர்கள் என்று சொன்னார். நிழலில் உட்காருங்கள் என்றேன், தண்ணீர் கொடுத்தேன். பத்து நிமிஷம் உட்கார்ந்தார். அப்புறம், மகன் வந்துவிட்டான் என்று சொல்லி எழுந்து நடந்தார். நானும் நம்பிவிட்டேன்." பிறகு, குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல், "அவர் போன பிறகு மனசு கேட்காமல் நான் இரண்டு தடவை உங்களைக் கூப்பிட்டேன். லைனே போகவில்லை" என்று தன் போனைக் காட்டினார்.

பதினொன்று நாற்பத்தாறு. ஒரு நிமிஷம் பத்து செகண்ட். அதற்குக் கீழே பத்ரியின் நம்பர். தான் செய்தது என்ன என்று அவனுக்குப் புரிய ஒரு செகண்ட்கூட ஆகவில்லை.

இடுப்பில் ஆபரேஷன் நடந்து, பத்து நாள் கழித்துக் கல்யாணராமனை துவாரகா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவர் அந்தப் போனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்ரி தப்பித்திருப்பான். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பான். அவர் மரியாதையாக நடந்துகொண்டார். தண்ணீர் வேண்டுமென்றால் ஷ்வேதாவைக் கேட்டார், ரேடியோவை வைக்க அனன்யாவைக் கூப்பிட்டார். பத்ரி வந்து கையைக் கொடுத்தால், "வேண்டாம்ப்பா, உனக்கு ஆபீஸுக்கு நாழியாச்சு" என்று வாக்கரைப் பிடித்துக்கொள்வார்.

பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள், பத்ரிக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா என்று. "போனே தொலைஞ்சு போச்சே, எதுலேர்ந்து போடறது?" என்பார் கல்யாணராமன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அரசாங்கத்தில் முப்பத்திநாலு வருஷம் மேலதிகாரிகளின் தப்புகளை மூடி மூடிப் பழகியவர். இப்போது மகனின் தப்பை மூடுகிறார். பக்கத்தில் நின்று அதைக் கேட்கிறபோதெல்லாம் பத்ரிக்கு உடம்பு கூசும்.

"சொல்லிடு பத்ரி" என்றாள் ஷ்வேதா. "நீ வேணும்னு பண்ணலை. உனக்கு இருக்கறது ஒரு கண்டிஷன். டாக்டர் பேப்பர் இருக்கு."

"என்னன்னு சொல்றது? நீங்கதான்னு தெரிஞ்சு விரட்டலை, இத்தனை வருஷமா உங்க குரலே எனக்குத் தெரியாதுன்னா? எதுடி அவருக்குப் பெரிய அடி?"

"பிள்ளை தன்னை வேண்டாம்னு விரட்டினான்னு நெனச்சிண்டு அவர் அவன் வீட்டுலயே சாப்பிட்டுண்டிருக்கார். இதைவிடப் பெரிய அடி என்ன இருக்கு?"

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்து முடித்த கையோடு, பத்ரி அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். டாக்டரின் பேப்பரையும் கொடுத்தான். சுரேஷ்குமார் கதையைச் சொன்னான். சின்ன வயதில் மத்தியானம் ஒரு மணிக்கு வந்த போன்களைச் சொன்னான். அந்தக் கேள்வியை ஏன் கேட்டான் என்பதையும் சொன்னான்.

கல்யாணராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். தேதியைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். ஃபைல் பார்த்த பழக்கம் எங்கே போகும்?

"பேரைச் சொல்லியிருக்கலாம் நான்" என்றார் கடைசியில். "சொல்ல வாய் வரலை. நாப்பத்திரண்டு வருஷம் என்னோட குடித்தனம் பண்ணினவ. அவ பேரைத் தெருவுல நின்னுண்டு என் பிள்ளைக்கு ப்ரூஃபாக் குடுக்கணுமான்னு இருந்துது. உனக்குத் தெரிஞ்சேதான் கேக்கறே, ஆபீஸ்ல கூப்பிட்டதுக்கு இதுதான் பதில்னு நெனச்சேன்."

"தெரியலைப்பா. சத்தியமாத் தெரியலை."

"ம்." பேப்பரை மடித்தார். "சின்ன வயசுல உன் காதைத் திருகியிருக்கேனே. எத்தனை தடவை இருக்கும்?"

"அதெல்லாம் விடுங்கோ."

"எனக்கு ஞாபகம் இருக்கு. ஒருதரம் ரத்தமே வந்துது. உங்கம்மா என்னோட ரெண்டு நாள் பேசலை." அவர் அவன் முகத்தைப் பார்த்தார், விழுந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக. "தப்பாப் போச்சுடா" என்றார்.

அன்று மத்தியானம் பத்ரி கையைப் பிடித்துக்கொண்டு ஹால் வரைக்கும் நடந்தார். ஷ்வேதாவிடம், "இவன் உன்னை மேடம்னானாமே, இப்பவும் அந்த மரியாதை உண்டா?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தார். பத்ரிக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இதை மூன்றரை வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் ஓர் எலும்பு மிச்சமாகியிருக்குமே என்று தன்னையே நொந்துகொண்டான். ஆனாலும் ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் காலை அவன் ஆபீசுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, கல்யாணராமன் கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டார். அவர் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பத்ரி, ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்கம்மா கடைசியா உன்னோட பேசினாளே."

பத்ரி ஷூ லேஸை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அது அவதானா?"

அந்தப் போன் மங்களம் இறப்பதற்கு முந்தின நாள் வந்தது. அப்போது யாரையும் வார்டுக்குள் விடவில்லை. அட்டெண்டர் ஒருத்தன் பெட் லிஸ்டில் இருந்த நம்பரைப் பார்த்துத் தன் போனில் கூப்பிட்டு, "பதினேழாம் பெட் அம்மாஜி பேசறாங்க" என்று கொடுத்தான். ஆக்சிஜன் இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. "நன்னா இருக்கேன். குழந்தைகள்லாம் சாப்பிட்டாளா? ஜாக்கிரதையா இருங்கோ." அவ்வளவுதான். அம்மா என்று அட்டெண்டர் சொன்னான். அம்மா என்று பத்ரி எடுத்துக்கொண்டான். மங்களத்தை அன்று காலையே வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்பது காரியமெல்லாம் முடிந்து, ஆஸ்பத்திரிப் பேப்பர்களை வாங்கியபோதுதான் தெரிந்தது. பதினேழாம் பெட்டில் அதற்குப் பிறகு யார் இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் குழந்தை ஒன்றுதான். அம்மா எப்போதும் அனன்யா என்று பேர் சொல்லித்தான் கேட்பாள். தன் இடத்தில் வேறு யார் இருந்தாலும், அது அம்மாவா இல்லையா என்று குரலைக் கேட்டதுமே தெரிந்திருக்கும் என்பது அந்த நரம்பியல் டாக்டர் சொன்ன அன்றுதான் அவனுக்கு உறைத்தது. அந்தச் சந்தேகத்தை ஷ்வேதாவிடம்கூட அவன் சொன்னதில்லை.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. அன்று போனை வைத்ததும் அப்பா தவித்துக்கொண்டு, "என்ன சொன்னா, என்னைக் கேட்டாளா?" என்றபோது, "உங்களைத்தான் முதல்ல கேட்டா, மாத்திரை சாப்பிட்டேளான்னு கேக்கச் சொன்னா" என்று சொல்லிவைத்தான். சொன்னதும் அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று அவனுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"அம்மாதான்ப்பா" என்றான் பத்ரி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

பத்ரி வாயைத் திறந்தான். ஒரு பொய் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. முந்தின நாள் காலையில் அவ்வளவு உண்மையைச் சொல்லி, கையில் ஆதாரமும் கொடுத்துவிட்டு, இப்போது எந்தப் பொய்யை இந்த மனுஷரிடம் விற்பது?

"சரி, விடு. நாழியாச்சு, நீ கிளம்பு" என்றார் கல்யாணராமன்.

பத்து நாள் கழித்து மங்களத்தின் திதி வந்தது. பத்ரி சிராத்தம் செய்தான். மத்தியானம் இலை போட்டபோது, அப்பாவோடு அமைச்சகத்தில் வேலை பார்த்த பாலசுப்ரமணியமும் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் வருகிறவர். வருஷா வருஷம் இந்தச் சாப்பாட்டின்போது கல்யாணராமன் ஒரு விஷயத்தைச் சொல்வார், எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். இந்தத் தடவை ரசம் சாதம் முடிந்தும் அவர் சொல்லவில்லை. பாலசுப்ரமணியமே ஆரம்பித்தார்.

"மகராசி, மூச்சு விட முடியாத நேரத்துலகூட, நீங்க மாத்திரை சாப்பிட்டேளான்னுதான் கேட்டாளாம். யாருக்குக் கிடைக்கும் ஓய் அந்தக் கொடுப்பினை?"

கல்யாணராமன் இலையில் இருந்த சாதத்தை ஓரமாக ஒதுக்கினார்.

"அப்படித்தான் பத்ரி சொன்னான்" என்றார்.

பத்ரி மோர்ப் பாத்திரத்தோடு அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். இத்தனை வருஷம் அவர் மங்களம் கேட்டாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் குனிந்து மோர் விட்டான். அவர் போதும் என்று கையால் காட்டினார்.